பொருட்காட்சிப் படநூல்கள்: எதை வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “1851 லண்டன் பொருட்காட்சி போன்ற பழைய பொருட்காட்சிகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே வெளிவந்த படநூல்களைச் சேர்க்க ஆசை. நான் ஓய்வூதியக்காரன், பெரிய பணம் இல்லை. எதில் தொடங்கலாம்? அசல் எது, மறுபதிப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர் ஈரத்தில் இவை தாங்குமா? வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் பின்னாளில் ஒப்படைக்க முடியுமா?”

முதல் வேலை, ஆசைக்கு வேலி போடுவது. 1851க்குப் பிறகு அரை நூற்றாண்டுக்குப் பொருட்காட்சி என்பது பெரிய நகரங்களுக்கெல்லாம் பிடித்த காய்ச்சலாக இருந்தது. பாரிஸில் 1855, 1867, 1878, 1889, 1900, லண்டனில் மறுபடி 1862, 1886, வியன்னாவில் 1873, ஃபிலடெல்ஃபியாவில் 1876, சிகாகோவில் 1893. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலமாரியை நிரப்பும் அளவுக்கு நூல்கள் வந்தன. ஊருக்கு ஒன்றாகப் பொறுக்கினால் கடைசியில் உங்களிடம் இருப்பது பழைய புத்தகக் குவியல்தான். ஒரே பொருட்காட்சியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி வந்த நூல்களை மட்டும் தொடர்ந்து வாங்குங்கள். அதே மண்டபத்தையும் அதே பொருளையும் ஒரு நூல் மரக்கட்டையில் செதுக்கிக் காட்டும். இன்னொன்று எஃகுத் தகட்டில். மூன்றாவது கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்செடுக்கும் முறையில், வண்ணம் ஏற்றி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் சுவை இருக்கிறது.

எந்தப் பொருட்காட்சி என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் 1851 என்பேன். அது முதல் சர்வதேசப் பொருட்காட்சி என்பது மட்டும் காரணம் இல்லை. லண்டன் ஹைட் பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையில் மே 1ஆம் தேதி தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை நடந்த அந்தக் காட்சிக்குப் பார்வையாளர் வருகை 60 லட்சத்தைத் தாண்டியது. காட்சிக்கு வைத்தவர்கள் சுமார் 14,000 பேர். பொருள்கள் ஒரு லட்சத்துக்கு மேல். செலவு போக 1,86,000 பவுண்டு லாபம் வந்தது. அவ்வளவு கூட்டம் வந்த இடத்தில் அச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு ஷில்லிங் கையேட்டிலிருந்து பிரபுக்களின் நூலகத்துக்கான ராட்சத நூல்வரை அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஓய்வூதியக்காரர் கைக்கு எட்டும் விலையில் சில நூல்கள் கிடைக்கின்றன.

தொடக்கத்துக்கு நான் சொல்வது நூலே அல்ல. வாரப் பத்திரிகையின் கட்டுத் தொகுதி. ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ 1842இல் தொடங்கிய படப் பத்திரிகை. ஆறு மாத இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளில் 1851இன் இரண்டும் பெரும்பாலும் பொருட்காட்சியால் நிறைந்தவை. அதற்கு முந்தைய ஆண்டுத் தொகுதி கிடைத்தால் இன்னும் நல்லது. மாளிகைக்கான பாக்ஸ்டனின் வரைபடம், அரசின் குழு அதை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, 1850 ஜூலை 6 இதழில் வெளிவந்துவிட்டது. பொதுமக்களுக்கு அது பிடித்துப்போனது குழுவின் முடிவில் பெரும் பங்கு வகித்தது. பத்திரிகையில் வந்த ஒரு படம் கட்டடத்தையே தீர்மானித்த கதை அது. அந்தப் பக்கம் உங்கள் கையில் இருந்தால் கதை தானாக விளங்கும்.

இந்தத் தொகுதிகளில் வேறொரு நன்மையும் உண்டு: மரச்செதுக்குப் படத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடநூல் இல்லை. முழுப்பக்கப் படம் ஒன்றை எடுத்து, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வானத்திலோ தரையிலோ முடியிழை போன்ற வெள்ளைக்கோடு ஒன்று நேராக ஓடும். கப்பலின் பாய்மரத்தையும் மனிதர் தலையையும் பொருட்படுத்தாமல் குறுக்கே போகும். அது கட்டை இணைந்த இடம். இந்த வேலைக்கு ஏற்ற பாக்ஸ் மரம் பெருக்காத மரம். அதன் குறுக்குவெட்டில் பெரிய பலகை கிடைக்காது. எனவே சிறிய கட்டைகளைத் திருகாணியால் பிணைத்துப் பெரிய பரப்பாக்கினார்கள். அவசரமான படம் என்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இரவோடு இரவாகச் செதுக்கவைத்து, மறுபடி பூட்டுவார்கள். பூட்டு சற்றே தளர்ந்தாலும் அந்த வெள்ளைக்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து வாங்க வேண்டியது, ‘ஆர்ட் ஜர்னல்’ பத்திரிகை 1851இல் வெளியிட்ட படவிளக்கப் பட்டியல். ஜார்ஜ் வர்ச்சூ பதிப்பித்தது. வெள்ளிப் பாத்திரம், நாற்காலி, கம்பளம், கண்ணாடிச் சாமான் எனப் பக்கத்துக்கு நான்கைந்து படங்கள், சுற்றிலும் எழுத்து. நிறைய அச்சானதால் நிறையப் பிழைத்திருக்கிறது. வாங்கும்போது நூலின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். ‘ரசனைப் பாடமாகப் பொருட்காட்சி’ என்ற பொருளில் ரால்ஃப் வொர்னம் எழுதி, 100 கினி பரிசு பெற்ற கட்டுரை தனிப் பக்க எண்களோடு அங்கே இருக்க வேண்டும். சில படிகளில் அது உதிர்ந்துபோயிருக்கும். அல்லது மறுகட்டுச் செய்தவர் விட்டுவிட்டிருப்பார். எனக்கு நூலின் படங்களைவிட அந்தக் கட்டுரை பிடிக்கும். அலங்கார வடிவமைப்பில் புதிதாக எதுவும் இல்லை என்று, விழாக் கோலத்தின் நடுவிலேயே முகத்துக்கு நேராகச் சொன்ன கட்டுரை. இந்தப் பட்டியலை 1970இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அப்படியே நகலெடுத்து மறுபதிப்புச் செய்தார்கள். படிப்பதற்கு அவை தாராளமாகப் போதும். விலைதான் அசலின் விலையாக இருக்கக்கூடாது.

அதிகாரப்பூர்வமான விளக்கப் பட்டியல் மூன்று தொகுதி. ராபர்ட் எல்லிஸ் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டு, ஸ்பைசர் சகோதரர்களும் வில்லியம் க்ளோஸ் அச்சகத்தாரும் வெளியிட்டது. பின்னர் துணைத் தொகுதி ஒன்றும் வந்தது. இதை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதிலுள்ள படக்கட்டைகளைப் பெரும்பாலும் காட்சிக்கு வைத்தவர்களே தந்தார்கள். கையில் காசிருந்த இரும்புக் கட்டில் வியாபாரியின் பொருளுக்கு அரைப்பக்கப் படம் இருக்கும். அருமையான கைவேலைக்கு இரண்டு வரிதான் இருக்கும். அதாவது, பாதி விளம்பர நூல். அப்படித் தெரிந்துகொண்டு புரட்டினால் அது வேறு நூலாகிவிடும். இந்தியப் பகுதியில் கைவினைஞர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் அரசர்களும் அனுப்பிய பொருள்கள். பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது.

டாலிஸ் வெளியிட்ட மூன்று தொகுதிப் பொருட்காட்சி வரலாறு பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. நூல் மீது அல்ல, அதைக் கையாள்பவர்கள் மீது. டகேரியோவகை என்ற ஆரம்பகாலத் தகட்டுப் புகைப்படங்களை மாதிரியாக வைத்துச் செதுக்கிய எஃகுத்தகட்டுப் படங்கள் அதில் நிறைய இருக்கின்றன. சிற்பங்களின் நிழல்மடிப்புகளை அவ்வளவு நுணுக்கமாக மரத்தில் கொண்டுவர முடியாது. அந்த அழகே அதற்கு எமனாகிவிட்டது. கத்தி வைத்துப் படத்தாள்களை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டம் போட்டு, தனித்தனியே விற்பவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். சந்தைக்கு வரும் படிகளில் எழுத்து முழுதாக இருந்து படங்கள் பாதியாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அறுத்த தாளை அசல் என்று விற்பதில் சட்டப்படி பொய் இல்லை. ஆனால் நீங்கள் அதை வாங்குவது அடுத்த நூலை அறுக்கக் கொடுக்கும் முன்பணம்.

இனி வண்ணம். பெரும்பாலோர் ஆசைப்படுவதும் ஏமாறுவதும் இங்கேதான்.

டிக்கின்சன் சகோதரர்கள் வெளியிட்ட இரண்டு தொகுதிகள், 55 வண்ணக் கல்லச்சுப் படங்களோடு 1854இல் முழுமை பெற்றவை. இளவரசர் ஆல்பர்ட்டுக்காக நாஷ், ஹாக், ராபர்ட்ஸ் ஆகிய மூன்று ஓவியர்கள் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களே மூலம். பொருளைத் தனியே காட்டாமல் மண்டபத்தை, கூட்டத்தை, கூரையிலிருந்து விழும் வெளிச்சத்தைக் காட்டும் படங்கள் இவை. இந்தியப் பகுதிப் படம் ஒன்றில் அம்பாரி சுமந்த யானை நிற்கும். அம்பாரி முர்ஷிதாபாத் நவாபிடமிருந்து வந்தது. அதைத் தூக்கி நிறுத்த யானை வேண்டுமே! எசெக்ஸில் உள்ள சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது ஆப்பிரிக்க யானை. நம் ஊர்க் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் படத்தைக் கையில் வாங்கியதும் காதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதே இந்தியப் பகுதியில் தமிழருக்கு நெருக்கமான பொருள் ஒன்றும் இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியாவுக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூர்தான். நுணுக்கமான தந்தச் செதுக்கு வேலை; சமஸ்தானத்தின் சங்கு முத்திரையும் உண்டு. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1876இல், இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தை ஒட்டி எடுத்த புகைப்படத்தில் விக்டோரியா இதில்தான் அமர்ந்திருக்கிறார். 1851 நூல்கள் ஒவ்வொன்றும் இந்தச் சிம்மாசனத்தை எப்படிக் கையாள்கின்றன, படம் போடுகின்றனவா, எழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றனவா என்று தேடிக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு இத்தனை நூல்களைப் புரட்டும்போது, எந்த நூல் எதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

மாத்யூ டிக்பி வயட் தொகுத்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்கலைகள்’ 160 வண்ணப் படங்கள் கொண்டது. 1851முதல் 1853வரை பகுதி பகுதியாக வந்தது. அச்சிட்டவர்கள் டே அண்ட் சன். வண்ணக் கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரே தாளை ஏழெட்டு முறை வெவ்வேறு கற்களின் மீது, மயிரிழை பிசகாமல் வைத்து அழுத்த வேண்டும். இந்த நூலுக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டன. மொத்த எடை 25 டன். லென்ஸில் பார்த்தால் நிறங்களின் ஓரத்தில் எங்காவது ஒன்று சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புள்ளிகள் கையால் வைத்தவை. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதே அச்சகம் 1862 பொருட்காட்சிக்கு வேரிங் தொகுத்த மூன்று தொகுதிகளை 300 படங்களோடு வெளியிட்டது. வேலைத்திறனில் அது ஒரு படி மேல். ஆனால் 1862 பொருட்காட்சியே உற்சாகம் குறைந்தது, நூலிலும் அந்தக் களைப்பு தெரிகிறது என்பது என் எண்ணம்; மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வண்ண நூல்கள் ஓய்வூதியத்தில் அடங்குவது கடினம். அதற்குப் பதிலாக ஓவன் ஜோன்ஸின் அலங்கார இலக்கண நூலைப் பற்றி யோசிக்கலாம். கண்ணாடி மாளிகையின் உட்புறத்துக்கு நிறம் தீர்மானித்தவர் அவர். 1851இலும் 1855 பாரிஸிலும் கண்ட இந்தியத் துணிகளும் உலோகவேலையும் அவரை உலுக்கிவிட்டன. 1856இல் வந்த அந்த நூலின் இந்திய அத்தியாயம் அந்தக் காட்சிப் பொருள்களை வைத்தே உருவானது. 1856இன் பெரிய பதிப்பு விலை அதிகம். பின்னர் வந்த சிறிய அளவுப் பதிப்புகள் வண்ணக் கல்லச்சில்தான், விலையோ பல மடங்கு குறைவு.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்று மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நடுவர் குழுக்களின் அறிக்கை 1852இல் வந்தது. பொதுவிற்பனைக்கு வந்தது எழுத்து மட்டும் உள்ள பருத்த தொகுதி, அது மலிவு. நாடுகளுக்கும் பிரமுகர்களுக்கும் பரிசாகக் கொடுக்க நான்கு தொகுதிகளில் தனியாகச் சில படிகளே தயாரித்தார்கள். அதில் ஹியூ ஓவனும் பிரெஞ்சுக்காரர் ஃபெரியரும் எடுத்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அசல் புகைப்பட அச்சுகள் கையால் ஒட்டப்பட்டிருக்கும். புகைப்படத்தை அச்சு இயந்திரத்தில் ஏற்ற முடியாத காலத்தில், படிக்குப் படி வெயிலில் அச்செடுத்து ஒட்டினார்கள். புகைப்பட வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு; விலையும் அருங்காட்சியக விலை. தலைப்பு ஒன்றே என்பதால், விளம்பரத்தில் இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கண்ணாடி மாளிகை என்று பெயர் போட்ட எல்லாமே 1851 நூல் ஆகிவிடாது. பொருட்காட்சி முடிந்ததும் மாளிகையைப் பிரித்து, தெற்கு லண்டனில் சிடன்ஹாமில் பெரிதாக்கிக் கட்டி 1854இல் திறந்தார்கள். 1936 நவம்பர் 30 இரவில் எரிந்துபோகும்வரை அது அங்கேதான் நின்றது. அந்த எண்பது ஆண்டுகளில் வந்த வழிகாட்டி நூல்கள் ஏராளம். அவையும் சேகரிக்கத் தகுந்தவையே. ஆனால் அது வேறு கட்டடம், வேறு கதை. தலைப்புப் பக்கத்தில் சிடன்ஹாம் என்ற பெயரும் 1854 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டும் இருந்தால் 1851 விலை கொடுக்காதீர்கள்.

லண்டனே வேண்டாம், இந்தியாவில் நடந்த பொருட்காட்சிகளையே சேர்க்கிறேன் என்றாலும் அது நல்ல பாதைதான்; நூல்கள் குறைவு, தேடல் நீளம். படநூல் என்ற வகையில் சிகரம், 1883இல் ஜெய்ப்பூரில் நடந்த பொருட்காட்சிக்கு ஹெண்ட்லி தொகுத்த நான்கு பெரிய தொகுதிகள். லண்டனில் கிரிக்ஸ் அச்சிட்டவை. நான்காவது தொகுதி முழுவதும் ரஸ்ம்நாமா, அதாவது அக்பர் பாரசீகத்தில் ஆக்கச்செய்த மகாபாரதத்தின் ஓவியங்கள். டெல்லியில் வைஸ்ராய் கர்சன் 1902 டிசம்பர் 30 அன்று திறந்துவைத்த கலைப் பொருட்காட்சிக்கு ஜார்ஜ் வாட் எழுதிய பட்டியலில் புகைப்படத் தாள்கள் உள்ளன. தென்னாட்டு உலோகவேலை, மரவேலை, துணி பற்றி இடம்வாரியாக எழுதியிருக்கிறார். அதற்கு இந்தியாவிலேயே மறுபதிப்பும் உண்டு. சென்னையில் 1855லும் 1857லும் பொருட்காட்சிகள் நடந்தன. நடுவர் அறிக்கைகளும் அச்சாயின. படத்துக்காக அவற்றைத் தேட வேண்டாம், செய்திக்காகத் தேடலாம். புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் கர்நாடகக் கோயில்களை எடுத்த புகைப்படங்களை 1855 சென்னைப் பொருட்காட்சியில்தான் வைத்தார். நடுவர்களின் பாராட்டும் பெற்றார். அவர் தஞ்சையையும் மதுரையையும் படமெடுத்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

சிகாகோ 1893 பக்கம் போனால் நம்மவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும். அந்தப் பொருட்காட்சியை ஒட்டி நடந்ததுதான் விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை. அவரை அனுப்பச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். சபையை நடத்திய குழுவின் தலைவர் பாரோஸ் தொகுத்து அதே ஆண்டில் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் பேச்சாளர்களின் படங்கள் இருக்கின்றன. விலை கையைக் கடிக்காது.

இப்போது அசல், நகல் விவகாரம். 1851 நூல் என்று சொல்லப்படும் ஒன்றில் படத்தை லென்ஸில் பார்க்கும்போது சீரான சதுர வரிசையில் புள்ளிகள் தெரிந்தால், அது அந்தக் காலத்து அச்சு இல்லை. படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை நடைமுறைக்கு வந்தது 1880களில். வண்ணப் படத்தில் புள்ளிகள் பூவிதழ்போல வட்ட வட்டமாகக் கூடியிருந்தால் அது இருபதாம் நூற்றாண்டின் நால்வண்ண அச்சு. ஆனால் இதே சதுரப் புள்ளிகளை 1893 சிகாகோ நூலில் கண்டு பயந்துவிடாதீர்கள். அங்கே அதுதான் அசல். எஃகுத்தகட்டுப் படத்தில் கோடு மெலிந்து மெலிந்து ஊசிமுனையாக முடியும். எதிர்ப்பக்கத்தில் படத்தின் மங்கலான பழுப்பு நிழல் படிந்திருக்கும். அந்த நிழலைக் குறையென்று பேரம் பேசலாம். நம்பகத்துக்கு அது நல்ல சாட்சி என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து, கேட்டால் மட்டும் அச்சடித்து அனுப்பும் நிறுவனங்களும் இணையத்தில் நிறைய. பழைய தலைப்பு, பழைய ஆண்டு, மலிவு விலை, அட்டையில் சம்பந்தமே இல்லாத பூந்தோட்டப் படம். மடிப்புப் படங்களை விரிக்காமலேயே ஸ்கேன் செய்திருப்பார்கள்.

அடுத்து, முழுமை. கட்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் படத்தாள்களை எண்ணாமல் பணம் கொடுக்கக்கூடாது. படங்களின் பட்டியல் பெரும்பாலும் முதல் பக்கங்களிலோ, கட்டுபவருக்கான குறிப்பிலோ இருக்கும். இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திடிரஸ்ட் தளங்களில் இந்த நூல்கள் பலவற்றின் ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஒரு படியைத் திறந்து வைத்துக்கொண்டு, விற்பவரிடம் இன்ன பக்கத்தை எதிர்கொண்டிருக்கும் படம் இருக்கிறதா, முன்பக்கப் படத்தை மூடிய மெல்லிய தாள் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் என்று புரிந்தால் பதிலின் தொனியே மாறும். ஏலப் பட்டியலில் ‘டபிள்யூ.ஏ.எஃப்.’ என்ற மூன்றெழுத்தைக் கண்டால், உள்ள குறைகளோடு, திருப்பி வாங்க மாட்டோம் என்று பொருள். முதுகு புதிதாகப் போட்டது, நூலக முத்திரை குத்தியது ஆகியவை விலையைக் குறைக்கும், படிப்பதைக் கெடுக்காது. உங்களைப் போன்றவர்கள் குறிவைக்க வேண்டியது துல்லியமாக இவற்றைத்தான். அழகான தோல்கட்டில் எட்டுப் படம் குறைந்த நூலைவிட, நைந்த அட்டையில் எல்லாப் படமும் உள்ள நூல் நூறு மடங்கு மேல்.

கட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அந்தக் காலப் படநூல்கள் சிலவற்றைத் தைக்காமல், ரப்பர் போன்ற பசையில் தாள்களை ஒட்டிக் கட்டினார்கள். 1836இல் காப்புரிமை பெற்ற முறை அது. திறந்தால் தட்டையாக விரியும் என்று அப்போது புகழ்ந்தார்கள். ரப்பர் காய்ந்து பொடியாகி, இன்று தாள்கள் சீட்டுக்கட்டாக உதிர்கின்றன. அப்படி உதிர்ந்த நூல் எல்லாத் தாளும் இருந்தால் மலிவான லாபம். நல்ல கட்டுநர் ஒருவரிடம் கொடுத்தால் போதும். இன்னொன்று, கண்ணைப் பறிக்கும் மரகதப் பச்சைத் துணி அட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதியின் அந்தப் பச்சையில் ஆர்செனிக் கலந்த சாயம் இருக்கக்கூடும். அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019முதல் இத்தகைய அட்டைகளைச் சோதித்துப் பட்டியலிட்டுவருகிறது. பச்சை அட்டை என்றால் கையுறை போட்டுத் தொடுங்கள், உறையில் வையுங்கள், பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஈரம் பற்றி: கோவை, சென்னையைவிட இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். ஆனாலும் மழைக்காலத்தில் இறுகப் பூட்டிய இரும்பு பீரோ ஆபத்து. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, காற்றோடும் மர அலமாரியில், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்றோடு வையுங்கள். ஐம்பது சதவிகிதத்தை ஒட்டி நின்றால் நல்லது. அறுபத்தைந்தைத் தாண்டினால் விசிறியைப் போடுங்கள். பெரிய நூல்களை நிமிர்த்தி வைத்தால் தம் கனத்தாலேயே கட்டு கிழியும்; படுக்கவையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குக் கட்டின் மாவுப்பசை விருந்து. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டித் தூசி தட்டுவதற்கு நிகரான மருந்து இல்லை. பாச்சை உருண்டையைப் பாதுகாப்பு நிபுணர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடுவதும், தாளுக்கு லேமினேஷன் செய்வதும் நூலுக்குச் செய்யும் கொலை. ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். அது கழற்றக்கூடிய வேலை.

வாங்குவதற்கு முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால், சென்னை போகும்போது கன்னிமாரா நூலகத்தின் பழைய நூல் பகுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஹெய்லிபரி கல்லூரியிலிருந்து 1860களில் சென்னைக்கு வந்த நூல்களில் வேரூன்றிய நூலகம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அச்சும் கட்டும் எப்படி இருக்கும், நம் வெயிலில் எப்படி முதிரும் என்பதை அங்கே பார்க்கலாம்.

மகளிடம் ஒப்படைப்பது பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில்: முடியலாம், ஆனால் சும்மா பெட்டியில் போட்டு எடுத்துப் போக முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு, மற்றப் பொருள்களுக்கு 100 ஆண்டு என்பது எல்லை. அந்த வயதை எட்டி, தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் நூல் அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை நீங்களோ விற்றவரோ தீர்மானிக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்க வேண்டும். எனவே வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒவ்வொரு நூலுக்கும் ரசீது, தபால் உறை, சுங்கச் சீட்டு மூன்றையும் தனிக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள். நூல் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அவைதான் ஆதாரம். விலை உயர்ந்த தொகுதி ஏதாவது வாங்கும் எண்ணம் வந்தால், அதை மகளின் முகவரிக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் போகும்போது அங்கே பார்த்துக்கொள்வது அலைச்சல் இல்லாத வழி.